பாலத்தில் கால் வைக்குமுன் கழுதை ஏன் நிற்கிறது

அந்தக் காலத்தில் கழுதைக்கு ‘மாட்டேன்’ என்று சொல்லத் தெரியாது.

ஆடு, மாடு, காக்கை, நண்டு எல்லாம் மனிதரோடு வாய்விட்டுப் பேசிய காலம் அது. பேச்சு இருந்ததால் சண்டையும் இருந்தது, பேரமும் இருந்தது. எருதை வண்டியில் பூட்டப் போனால் முதலில் வெயிலைக் குறை சொல்லும், அப்புறம் நுகத்தடி உறுத்துகிறது என்று சொல்லும், கடைசியில் சாயங்காலம் பருத்திக்கொட்டை எத்தனை படி என்று கேட்டுவிட்டுத்தான் நகரும். கழுதை மட்டும் யார் என்ன சொன்னாலும் “ஆகட்டும்” என்று முதுகைத் திருப்பிக் காட்டும். நல்ல பிராணி, தங்கமான பிராணி என்று ஊரே மெச்சியது. மெச்சுவதற்கு என்ன, காசா பணமா?

அப்படிப்பட்ட கழுதைகளில் ஒருத்தி செவத்தாள். மஞ்சனாற்றங்கரையில் இருந்தாள். எட்டு மாதத்தில் ஒரு பெண்குட்டி அவளுக்கு, பெயர் மொட்டு.

மஞ்சனாறு கோடையில் பரம சாது. குழந்தைகள் அதில் கோலி விளையாடலாம். ஐப்பசி பிறந்துவிட்டால் மலையிலிருந்து ஒரே நாளில் இறங்கிவந்து ஆளை விழுங்கும். இக்கரையில் வீடுகள், அக்கரையில் வயல்களும் சந்தையும். வருஷா வருஷம் பரிசல் கவிழ்ந்து நாலைந்து பேர் போவதும், கரையில் உட்கார்ந்து அழுவதும், அடுத்த வருஷம் அதே பரிசலில் ஏறுவதுமாக ஊர் காலம் தள்ளியது. ஒரு வருஷம் மணியகாரர் சாமியப்பரின் சொந்தத் தங்கையே ஆற்றோடு போனாள். அதற்குப் பிறகுதான் அவருக்குக் கல்பாலம் கட்டவேண்டும் என்று தோன்றியது. பெரிய மனிதர்களுக்கு எதுவும் தன் வீட்டு வாசலுக்கு வந்தால்தான் தோன்றும். போகட்டும், தோன்றியதே பெரிது.

பாலம் கட்டக் கல்தச்சர் காளியண்ணன் வந்தார். கூடவே அவர் மனைவி வேலாத்தாள். சுண்ணாம்பு இடிப்பதும் அரைப்பதும் அவள் பொறுப்பு. கல்லை அவர் பார்த்துக்கொண்டார், அவரை அவள் பார்த்துக்கொண்டாள்.

மாசியில் ஆறு வற்றியதும் வேலை ஆரம்பமாயிற்று. பாறை தட்டுப்படும்வரை மணலைத் தோண்டி, ஆற்றுக்குள் நான்கு தூண்களை எழுப்பினார் காளியண்ணன். வெள்ளம் வரும் பக்கத்தில் ஒவ்வொரு தூணுக்கும் கூர்மையாக ஒரு மூக்கு வைத்தார்.

“தூணுக்கு எதுக்கப்பா மூக்கு?” என்று கேட்டார் மணியகாரர்.

“வர்ற தண்ணிய மார்ல வாங்கக்கூடாதுங்க. மூக்கால கிழிச்சு ரெண்டு பக்கமும் அனுப்பிடோணும்.”

அடுத்தது வளைவு. ஐந்து வளைவுகள். தூணுக்கும் தூணுக்கும் நடுவே மணலை மலைபோல் குவித்து, தண்ணீர் ஊற்றி மிதித்து, கவிழ்த்த கூடைபோல வழித்துவிட்டார்கள். அந்த மணல்மேட்டின் முதுகின்மேல் இரண்டு பக்கத்திலிருந்தும் கற்களை அடுக்கிக்கொண்டே ஏறினார்கள். உச்சியில் ஒரு கல்லுக்கு மட்டும் இடம் மிஞ்சும். அதுதான் நடுக்கல். அதை இறக்கி, சுண்ணாம்பு இறுகியதும், அடியில் இருக்கும் மணலை அள்ளி எடுத்துவிட வேண்டும்.

“மணலை எடுத்தா கல்லெல்லாம் எதைப் பிடிச்சுட்டு நிக்கும்?” இதுவும் மணியகாரர்தான்.

“ஒண்ணை ஒண்ணு பிடிச்சுட்டுங்க. ஒவ்வொரு கல்லும் விழத்தான் பாக்கும். பக்கத்துக் கல்லு விடாது. அதுவும் விழத்தான் பாக்கும், இது விடாது.”

“இந்த ஊர்ல அப்படி ரெண்டு பேரைக் காட்டுங்க பாக்கலாம்,” என்றாள் சுண்ணாம்பு இடித்துக்கொண்டிருந்த வேலாத்தாள்.

மணல்மேட்டில் எருதுகளால் ஏற முடியவில்லை. கால் புதைந்தது. அதைச் சாக்காக வைத்து எல்லா எருதுகளும் நிழலுக்குப் போய்விட்டன. கழுதைகள்தான் சின்னக் குளம்பை ஊன்றி ஊன்றிக் கல்லைச் சுமந்து ஏறின. முன்னால் போனவள் செவத்தாள்.

ஆனால் எந்தக் கல்லும் காளியண்ணனின் சுத்தியலுக்குத் தப்பி மேலே போனதில்லை. மேட்டின் அடிவாரத்தில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொன்றையும் தட்டுவார். ‘கணீர்’ என்று பதில் சொன்னால் பாலத்துக்கு. ‘மொத்’ என்றால் அது செத்த கல். உள்ளே மக்கியிருக்கும், பாரம் தாங்காது. அதைப் படித்துறைப் பக்கம் உருட்டிவிடுவார். ஏழு மாதம் இப்படிக் கல் சுமந்து சுமந்து செவத்தாளுக்கும் அது பிடிபட்டுவிட்டது. நல்ல கல்லைச் சுமந்து நடந்தால், வைக்கிற ஒவ்வொரு அடிக்கும் முதுகெலும்போரம் சன்னமாக ஒரு ரீங்காரம் ஓடும். அது ஓடினால் கனம்கூடத் தெரியாது.

மூன்றாவது வளைவு, அதாவது பாலத்தின் நட்ட நடு வளைவு, முடிகிற கட்டத்தில் மணியகாரர் தன் பங்குக்கு ஒரு நடுக்கல் கொண்டுவந்தார். அவருடைய சொந்தக் காட்டுப் பாறையில் வெட்டியது. முகப்பில் தாமரை செதுக்கியிருந்தது. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, பட்டுத்துணி சுற்றி, மாலை போட்டு, நாயனம் முழங்க அதை ஊர்வலமாகக் கொண்டுவந்து இறக்கினார்கள். பெண்கள் குலவையிட்டார்கள். கற்பூரம் காட்டினார்கள்.

காளியண்ணன் பழக்கதோஷத்தில் சுத்தியலை ஓங்கினார்.

“ஐயையோ!” என்று கூட்டமே அலறியது. “பொட்டு வெச்ச கல்லை அடிக்கிறதா?”

காளியண்ணனுக்கே கை கூசிவிட்டது. ஓங்கிய சுத்தியலை இறக்கி, கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, “ஏத்துங்க,” என்றார். பாலத்தில் இருந்த கற்களிலேயே அதிக மரியாதை பெற்ற கல் அது. தட்டிப் பார்க்காமல் மேலே போன ஒரே கல்லும் அதுதான்.

ஏற்றியது செவத்தாளின் முதுகில். முதல் அடியிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ரீங்காரமே இல்லை. நனைந்த துணிமூட்டை மாதிரி சும்மா உட்கார்ந்திருந்தது அது.

“என்ன செவத்தா, இத்தனை கனமா? மூஞ்சி ஒரு மாதிரி இருக்குது?” என்று கேட்டாள் வேலாத்தாள்.

“ஆகட்டும் அக்கா,” என்றாள் செவத்தாள். கேட்ட கேள்விக்கும் சொன்ன பதிலுக்கும் சம்பந்தமே கிடையாது. வாய் அப்படிப் பழகிவிட்டது.

மத்தியானம் மணியகாரரின் வண்டி எருதிடம் போய் மெல்லச் சொன்னாள்.

எருது அசை போடுவதை நிறுத்தவில்லை. “நமக்கெதுக்கு வம்பு? நீ சொன்னா மணியகாரரு கோவிச்சுக்குவாரு. காளியண்ணனுக்குத் தலைகுனிவு. நாளைக்கு உன்னை ‘நல்ல கழுதை’ன்னு எவன் சொல்லுவான்? பேசாம இரு.”

செவத்தாள் பேசாமல் இருந்தாள். இரண்டு மாதம் இருந்தாள்.

புரட்டாசிக் கடைசியில் ஐந்து வளைவுகளுக்கும் அடியிலிருந்த மணலை அள்ளினார்கள். பாலம் நின்றது. நல்ல கல் ஒவ்வொன்றும் தன் வேலையைச் செய்ததோடு அந்தச் சோம்பேறிக் கல்லின் வேலையையும் சேர்த்துச் செய்தால் கொஞ்ச நாளைக்கு எதுவும் நிற்கும். குடும்பங்களில் நடக்காததா? ஆனால் மூன்றாவது வளைவின் நிழலில் படுத்திருந்த மொட்டின் முதுகில், ஒருநாள் காலையில் மாவு சலித்ததுபோலக் கல்தூள் கிடந்தது. செவத்தாள் அதை நக்கித் துடைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தாள். தாமரைக்குப் பின்னால் நூல்போல ஒரு விரிசல். அவள் குட்டியைக் கூட்டிக்கொண்டு வேறு நிழலுக்குப் போனாள். அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

திறப்பு நாள் வந்தது. மேற்கு மலையில் கருமேகம் கூடிவிட்டது. மறுநாள் மத்தியானத்துக்குள் வெள்ளம் வந்துவிடும் என்று நீர்நாய்கள் சொல்லிவிட்டுக் குட்டிகளோடு மேட்டுக்குப் போயின. மணியகாரருக்கு அதுவும் சந்தோஷம்தான். “வெள்ளம் வர்றதுக்கு முந்தின நாள் பாலம் திறக்கறது எத்தனை பொருத்தம்!” என்றார்.

“முதல்ல யாரு நடக்கறது?” என்று கேட்டது கூட்டம்.

“இது வரைக்கும் சுமையே ஏறாத முதுகு நடக்கோணும். அதுதான் முறை,” என்று சுற்றும்முற்றும் பார்த்த மணியகாரர், “அந்தக் கழுதைக்குட்டி இருக்குதே!” என்றார்.

மொட்டைக் குளிப்பாட்டி, கழுத்தில் சாமந்தி மாலை போட்டு, இரண்டு பக்கமும் சின்னச் சின்ன உப்புப் பைகளைக் கட்டினார்கள். அதற்குத் தலைகால் புரியவில்லை. “அம்மா, பாரு, எனக்கு மாலை! எனக்குப் பின்னாடிதான் மணியகாரரே வர்றாராம்!” என்று குதித்தது.

குட்டி முன்னால். பின்னால் மேளம். அதன் பின்னால் எருது பூட்டிய வண்டியில் மணியகாரர். அதற்கும் பின்னால் பட்டும் பாவாடையுமாக மொத்த ஊரும். மொட்டு பாலத்தின் முகப்புக்கு வந்து முன்னங்காலைத் தூக்கியது.

செவத்தாள் பாய்ந்து வந்து குறுக்கே நின்றாள்.

“மாட்டேன்.”

மேளம் நின்றுவிட்டது.

“என்ன சொல்லுது அது?” என்று வண்டியிலிருந்து கேட்டார் மணியகாரர்.

“மாட்டேன்னு சொல்லுதுங்க,” என்றது எருது. “கேக்கறதுக்கு எனக்கே வெக்கமா இருக்குது.”

“கழுதையா சொல்லுது?”

“கழுதைதானுங்க.”

முதலில் சிரித்தார்கள். பிறகு கொஞ்சினார்கள். பிறகு இரண்டு பேர் கழுத்தைப் பிடித்து இழுத்தார்கள், நான்கு பேர் பின்னாலிருந்து தள்ளினார்கள். ஒருவன் புளியம்விளாரால் விளாசினான். செவத்தாள் நான்கு காலையும் ஊன்றி நின்றாள். தோல் துடித்தது, கால் நகரவில்லை.

“எம்மேல எத்தனை வேணும்னாலும் அடிங்க,” என்றாள். “எங்குட்டி இதுமேல போகாது. நீங்களும் போகக்கூடாது. மூணாவது வளைவு நடுக்கல்லு செத்த கல்லு.”

மணியகாரர் வண்டியிலிருந்து இறங்கினார். முகம் சிவந்துவிட்டது. “என் காட்டுக் கல்லையா சொல்றே? உனக்கெப்படித் தெரியும்?”

“சுமந்தவ நானுங்க.”

“சுமந்தது ஆவணி மாசம். அப்பவே சொல்றதுக்கு என்ன கேடு?”

அங்கேதான் செவத்தாள் தலை குனிந்தாள். பொய் சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை.

“அப்ப அதுமேல நடக்கப்போறது எங்குட்டி இல்லீங்க,” என்றாள்.

தங்கையை ஆற்றுக்குக் கொடுத்த பிறகு பாலம் கட்டப் புறப்பட்ட மணியகாரர் ஆற்றுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வேலாத்தாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். “இதுல யோசிக்க என்ன இருக்குது? தட்டிப் பாத்தாத் தெரிஞ்சுட்டுப் போகுது.”

“பொட்டு வெச்ச கல்லும்மா அது!” என்றது கூட்டம்.

“அவ்வளவுதானே? பொட்டைக் கழுவிட்டா அது வெறுங்கல்லு.” ஒரு குடம் தண்ணீரை இடுப்பில் வைத்துக்கொண்டு, சுத்தியலையும் எடுத்துக்கொண்டு அவள் பாலத்தில் காலை வைத்தாள்.

“போகாதடி!” என்று கத்தினார் காளியண்ணன்.

அவ்வளவுதான். ஊருக்குப் பதில் கிடைத்துவிட்டது. தான் கட்டிய பாலத்தின்மேல் தன் மனைவியை நடக்கவிட அந்த மனிதனுக்குப் பயம்.

காளியண்ணன் தலைப்பாகையை அவிழ்த்துக் கீழே வைத்தார். மனைவியின் கையிலிருந்து குடத்தையும் சுத்தியலையும் வாங்கிக்கொண்டு தானே போனார். மூன்றாவது வளைவு நெருங்கியதும் குப்புறப் படுத்து ஊர்ந்தார். கல்லின்மேல் தண்ணீர் ஊற்றினார். மஞ்சளும் குங்குமமும் கரைந்து ஓடின. முதலில் பக்கத்துக் கல்லைத் தட்டினார்.

கணீர்.

நடுக்கல்லைத் தட்டினார்.

மொத்.

கரையில் கடைசியாக நின்றவர்களுக்கும் அது கேட்டது. விரிசலிலிருந்து ஒரு கை கல்தூள் ஆற்றுப்படுகையில் உதிர்ந்தது.

காளியண்ணன் திரும்பி வந்து மணியகாரர் முன்னால் நின்றார். “தப்பு கல்லு மேல இல்லைங்க. தட்டாம ஏத்தினவன் மேல. வெள்ளம் வர்றதுக்குள்ள மாத்திடோணும். அடியில மறுபடியும் மணல் கொட்டி முட்டுக் குடுக்காம அந்தக் கல்லைத் தொட முடியாது. ஏழு மாச வேலைக்காரங்களெல்லாம் ஊருக்குப் போயாச்சு.”

“இங்க நிக்கறவங்க யாரு, விருந்தாளிகளா?” என்றாள் வேலாத்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் கூடையை அவள்தான் எடுத்தாள்.

திருவிழாவுக்கு வந்த கூட்டம் பட்டுச்சேலையோடும் ஜரிகை வேட்டியோடும் ஆற்றில் இறங்கி மணல் சுமந்தது. மேளக்காரர்கள் மேளத்தைக் கரையில் வைத்துவிட்டுச் சுமந்தார்கள். எருதுகூட ஒரு வார்த்தை பேசாமல் மணல்வண்டி இழுத்தது. சாயங்காலத்துக்குள் மூன்றாவது வளைவின் வயிறு மறுபடி நிறைந்தது. காளியண்ணன் உளியை வைத்து நடுக்கல்லில் நான்கு அடி போட்டார். பொரிவிளங்காய் உருண்டையை உடைப்பதுகூட அதைவிடக் கஷ்டம். தாமரை இரண்டாக உடைந்தது. மணியகாரர் ஒரு பாதியை எடுத்துத் துண்டில் முடிந்துகொண்டார். பிறகு அவரும் ஒரு கூடையைத் தலையில் தூக்கினார்.

புதுக்கல்லுக்கு எங்கே போவது? பாறைக்குப் போய் வெட்டிவர நேரமில்லை. வேலாத்தாள் தன் சுண்ணாம்பு இடிக்கும் கல்லைக் காலால் தொட்டுக் காட்டினாள். “ஏழு மாசமா உலக்கையால இடிச்சிருக்கேன். இன்னும் கணீர்னுதான் பேசுது.”

மறுநாள் காலையில் காளியண்ணன் அதை ஆப்புபோலச் செதுக்கி முடித்தார். சுற்றிலும் மயிரிழை இடைவெளிகூட இருக்கக்கூடாது, சுண்ணாம்பு காய நாளில்லை என்று அளந்து அளந்து செதுக்கினார். செவத்தாளின் முதுகில் ஏற்றினார்கள். முதல் அடி வைத்ததும் அவள் முதுகோரம் ரீங்காரம் ஓடியது. ஒருவரும் கேட்காமலே, “நல்ல கல்லுங்க,” என்று உரக்கச் சொன்னாள்.

கல் உள்ளே இறங்கி உட்கார்ந்ததும் காளியண்ணன் மரச்சுத்தியால் மூன்று முறை அடித்து இறுக்கினார். எல்லாரும் கரையேறிய சற்று நேரத்தில் மஞ்சனாறு வந்துவிட்டது.

செம்மண் நிறத்தில், மரமும் புதருமாக உருட்டிக்கொண்டு வந்து தூண்களின்மேல் மோதியது. மூக்குகள் அதைக் கிழித்து இரண்டு பக்கமும் தள்ளின. மூன்றாவது வளைவின் அடியில் இருந்த மணலை வெள்ளமே அள்ளத் தொடங்கியது. அரை நாழிகையில் அத்தனை மணலும் போய்விட்டது. பாலம் ஒருமுறை முனகியது. கற்கள் ஒன்றோடொன்று தோளை நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தன. அதன்பிறகு அசையவில்லை.

“இப்பவாவது நடக்குமா உன் குட்டி?” என்று கேட்டார் மணியகாரர். இந்தத் தடவை கேள்வியில் கேலி இல்லை.

“பாத்துச் சொல்றேனுங்க.”

செவத்தாள் பாலத்தின் முகப்புக்குப் போனாள். ஒரு முன்னங்காலை மட்டும் கல்லின்மேல் வைத்துத் தட்டினாள். இரண்டு காதையும் நிமிர்த்திக்கொண்டு நின்றாள். கல்லிலிருந்து கல்லுக்கு அந்தத் தட்டல் போய், ஐந்து வளைவையும் தாண்டி, அக்கரையைத் தொட்டுத் திரும்பிவர வேண்டுமே. மழை கொட்டியது. பட்டெல்லாம் நனைந்தது. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்.

“இன்னும் எத்தனை நேரம்?” என்றது எருது.

“அது கேட்டு முடிக்கிற நேரம்,” என்றாள் வேலாத்தாள். “உனக்கு என்ன, தலை போகிற வேலையா?”

கால் வழியாக ரீங்காரம் ஏறிவந்தது. எல்லாக் கல்லும் பதில் சொல்லிவிட்டது. செவத்தாள் அடுத்த காலை எடுத்து வைத்தாள். மொட்டும் அதே மாதிரி ஒரு காலை வைத்து, காதை நிமிர்த்தி, என்னவென்று புரியாமலே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, பிறகு தாயின் பின்னால் துள்ளிக்கொண்டு போனது. அதன் பின்னால் ஊர் போனது.

அந்த வருஷம் ஐப்பசியில் மஞ்சனாறு ஒருவரையும் கொண்டுபோகவில்லை. அந்தப் பக்கத்துக் கல்தச்சர்கள் முதலில் தட்டிவிட்டுப் பிறகு பொட்டு வைக்கக் கற்றுக்கொண்டார்கள்.

பிற்பாடு பிராணிகளிடமிருந்து பேச்சு போய்விட்டது. எப்படிப் போனது என்பது வேறு கதை, எருது பேசியதெல்லாம் போனதில் பெரிய நஷ்டமும் இல்லை. செவத்தாள் வம்சத்துக்கும் ‘ஆகட்டும்’ போயிற்று, ‘மாட்டேன்’ போயிற்று. ஆனால் அந்த மழையில் அவள் நின்ற நிலை மட்டும் போகவில்லை. அன்று பிடித்த பழக்கம்தான், இன்றுவரை எந்தப் பாலத்தின் முகப்புக்கு வந்தாலும் கழுதை சட்டென்று நின்று, ஒரு முன்னங்காலை மட்டும் வைத்து, இரண்டு காதையும் நிமிர்த்திக் கேட்டுவிட்டுத்தான் மறு காலை எடுக்கிறது. பின்னால் நிற்பவர்கள் அதைப் பிடிவாதம் என்கிறார்கள். பிடிவாதமாம்! அதன் பின்னால் குட்டி வருகிறது.